இடிக்காது மேஸ்திரியும் எழும்பாத அலமாரியும்

அந்தத் தச்சருக்குத் தெரு வைத்த பெயர் 'இடிக்காது மேஸ்திரி'. புதிதாகச் செய்த கட்டிலையோ மேஜையையோ ஒரு வீட்டுக்குள் கொண்டுபோகும்போது வீட்டுக்காரர்கள் பதறுவது வழக்கம். "மெதுவா, கதவு இடிக்கும்!" என்று ஒருவர் கத்துவார். "ஐயோ, விளக்கு!" என்று இன்னொருவர் குறுக்கே ஓடி வருவார். மேஸ்திரி காதில் சொருகிய பென்சிலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, தலையைக்கூடத் திருப்பாமல், "இடிக்காது" என்பார். இடிக்காது. மயிரிழை விட்டு உள்ளே போய்விடும். அவர் கண்ணளவு அப்படி.

அளவு விஷயத்தில் அவர் யார் பேச்சையும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் வந்ததில்லை என்றும் சொல்லலாம். அப்படி அவசியமே வராதவர்களுக்கு நாளாக நாளாகக் காது கொஞ்சம் மந்தமாகிவிடும். அளவில் ஆரம்பிக்கும் மந்தம் அதோடு நிற்பதும் இல்லை. ஆனால் வேலை சுத்தமாக இருக்கும்வரை ஊர் இதையெல்லாம் பெரிதுபடுத்தாது. மனைவி மட்டும்தான் பெரிதுபடுத்துவாள்.

அவர் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். அந்தச் சங்கதியைக் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்காட்டி வருகிறவள். அவளுக்கு ஒரே ஒரு குறை. ஊருக்கெல்லாம் அலமாரி செய்துகொடுக்கிற மனிதரின் வீட்டில் பேருக்குக்கூட ஓர் அலமாரி கிடையாது. கடையில் காலியான அட்டைப்பெட்டிகளை அவள்தான் சுமந்து வருவாள். மேஸ்திரியின் சட்டைகள் இருமல் மருந்துப் பெட்டியில் இருந்தன. அவளுடைய துணிகள் குளுக்கோஸ் பெட்டியில் இருந்தன. "யாராவது வந்து பார்த்தா நம்மளை நோயாளிங்கன்னு நினைப்பாங்க" என்பாள். மேஸ்திரி அதையும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அந்த வீட்டுக்குத்தான் அவருடைய அக்கா வந்து சேர்ந்தாள்.

அக்கா வேறு ஊரில் ஆயத்த ஆடை கம்பெனி ஒன்றில் துணி வெட்டும் பிரிவில் இருந்தவள். சின்ன வயதில் அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தது அவள்தான். அவருடைய முதல் இழைப்புளியை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அவள் புருஷன் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று தெரிந்ததும் மேஸ்திரி பேருந்து ஏறிப் போய், கையோடு அழைத்து வந்துவிட்டார். இரண்டு பெட்டிகள், ஒரு பெரிய கத்தரிக்கோல், கழுத்தில் மாலைபோல் ஓர் அளவு நாடா. அவ்வளவுதான் அவள் சொத்து.

வீட்டுக்குப் பின்னால் கூட்டிக் கட்டிய அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். நல்ல அறைதான். சந்துப் பக்கம் தனி வாசல், பெரிய ஜன்னல், காலையிலிருந்து மாலைவரை வெளிச்சம். மேல்தளம் மட்டும் தணிந்திருக்கும், தரையிலிருந்து எட்டே அடி.

வந்த மறுநாளே அக்கா அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தம்பி, இங்க ஒரு மேஜை இருந்தா நான் துணி வெட்டித் தைச்சுக் குடுப்பேன். சந்து வழியாவே ஆளுங்க வந்து போகலாம்."

"நீ உக்காரு அக்கா" என்றார் மேஸ்திரி. "நின்னு நின்னு வேலை பார்த்தது போதும். இனிமே நான் பார்த்துக்கறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதில் சந்தேகமே வேண்டாம். அதற்குப் பிறகு அக்கா விளக்குமாற்றை எடுத்தாலும், "நீ உக்காரு அக்கா." பாத்திரம் துலக்கப் போனாலும், "நீ உக்காரு அக்கா." கிழிந்த திரைச்சீலையை எடுத்து வைத்து ஊசி கோத்தால், ஊசியைப் பிடுங்கி வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார். அவரே செய்த நாற்காலி, முதுகுக்கு வளைவு கொடுத்துச் செதுக்கியது. அக்கா அதில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வந்ததிலிருந்து அக்கா ஏதோ குள்ளமாகிவிட்டது போல மேஸ்திரிக்குத் தோன்றியது. வயசாகிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

மாதங்கள் போயின. இரண்டு பெட்டிகளும் சுவரோரம் அப்படியே இருந்தன. அக்கா மேலே இருப்பதை எடுத்து உடுத்துவாள், துவைத்து மடித்துத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைப்பாள்.

ஒருநாள் மனைவிதான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "உங்க அக்காவோட வேலை பார்த்த அம்மா ஒருத்தங்க அங்க தையல் கடை வெச்சிருக்காங்களாம். வெட்டறதுக்கு ஆள் வேணும், வந்துடுன்னு கூப்பிட்டிருக்காங்க. அண்ணி போறேன்னு சொல்லிட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு."

மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. அக்காவிடம் நேரே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பட்டறையில் போய் உட்கார்ந்து யோசித்தார். கடைசியில் அவருக்கு ஒன்று பிடிபட்டது, அல்லது பிடிபட்டதாக நினைத்தார். பெட்டியைத் திறந்து அடுக்கி வைக்க இந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை. பெட்டி கட்டியபடியே இருந்தால் ஆள் கிளம்பத்தானே பார்ப்பாள்? பெட்டியைக் காலி பண்ண வைத்துவிட்டால் ஆள் தங்கிவிடுவாள். ஆக, அலமாரி செய்ய வேண்டும்.

கையிலிருந்த வேலையையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு மேஸ்திரி அக்காவின் அறையிலேயே பலகைகளை இறக்கினார். வழக்கமாகப் பெரிய அலமாரிகளைத் துண்டு துண்டாகச் செய்து, வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருகு போட்டு நிறுத்துவார். பட்டறையிலேயே முழுசாகச் செய்வதென்றாலும் கவலையில்லை. அது தகரம் போட்ட பழைய கிடங்கு, ஓர் ஆள் தோளில் இன்னோர் ஆள் நின்றாலும் கூரை தட்டாது. ஆனால் இது அக்காவுக்கு. இதில் திருகு கூடாது, ஆணி கூடாது. பலகைக்குள் பலகை நாக்கு வைத்துக் கோத்து, பசை விட்டு இறுக்கி, ஒரே பொருளாக நிற்க வேண்டும். கழற்றவே முடியாத அலமாரி. கழற்ற முடியாததை யாரும் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள் என்று அவர் மனதில் ஓர் எண்ணம் இருந்திருக்கலாம்.

அறை எட்டடி. அலமாரி ஏழு அடி ஒன்பது அங்குலம். மேலே மூன்று அங்குலம் காற்றோட்டத்துக்கு. ஹேங்கரில் மாட்டும் துணிகளின் தோள் மடங்காமல் தொங்க ஆழம் இருபத்தாறு அங்குலம். அகலம் நாலடி. தரையில் மல்லாக்கப் படுக்கவைத்தே முழு வேலையும் நடந்தது. சட்டம் கூட்டியதும் மேஸ்திரி மூலைக்கு மூலை டேப் பிடித்தார். இது தச்சு வேலையில் பாலபாடம். இந்த மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஓர் அளவு, மற்ற இரண்டு மூலைக்கும் ஓர் அளவு. இரண்டும் சமமானால் சட்டம் கோணவில்லை. முகப்பில் பார்த்தார், சமம். பக்கப் பலகைகளில் பார்த்தார், நூல் பிசகாமல் சமம். வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்றார்.

அக்கா வளைவு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டும் மேஜையில் காலத்தைக் கழித்தவளுக்குக் குறுக்கு அளவு என்றால் என்னவென்று கைக்கே தெரியும். நேராக வெட்டின துணி ஒரு நீளம், அதே துணியை மூலைவாக்கில் வெட்டினால் வேறு நீளம்.

"தம்பி, இது தளத்தைத் தட்டாதா?"

"இடிக்காது அக்கா. மூணு அங்குலம் விட்டிருக்கேன்."

"நின்னதுக்கு அப்புறம் தட்டாது. அது எனக்கும் தெரியுது." அக்கா எழுந்து வந்து பக்கப் பலகையில் தன் நாடாவைக் குறுக்காக வைத்தாள். "நிக்கறதுக்கு இடம் இருக்கு. எழுந்திருக்கறதுக்கு இருக்கா? கொஞ்சம் வந்து பாரு."

"நீ உக்காரு அக்கா. எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி டீ குடிக்கப் போய்விட்டார். அக்கா நாடாவைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். இரண்டாம் தடவை சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

நிறுத்துகிற நாள் வந்தது. பட்டறையில் கூட வேலை பார்க்கும் பாலிஷ்காரர் வந்தார். எதிர்வீட்டு ஓட்டுநரும் அவருடைய மச்சானும் வந்தார்கள். வெறும் கையாக நின்று வேடிக்கை பார்க்க மனைவியும் மருந்துக் கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தாள். கைப்பிடிகளைக்கூட இன்னும் பொருத்தவில்லை. நிறுத்திய பிறகு, அக்காவின் கையாலேயே பொருத்த வைக்க வேண்டும் என்பது மேஸ்திரியின் ஏற்பாடு.

"தலைப்பக்கம் தூக்குங்க. கால்பக்கம் நான் அழுத்திப் பிடிச்சுக்கறேன். ஏத்து... ஏத்து... இன்னும் கொஞ்சம்..."

அலமாரி மெல்ல எழுந்தது. பாதி எழுந்தது, முக்கால் எழுந்தது. இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் நேராக நின்றுவிடும் என்கிற நேரத்தில் மேலே 'டொக்' என்று ஒரு சத்தம். சுண்ணாம்புப் பொருக்கு மேஸ்திரியின் தலையில் உதிர்ந்தது.

"மேஸ்திரி, இடிக்குது" என்றார் பாலிஷ்காரர், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"இடிக்காது. தள்ளு."

"இல்ல மேஸ்திரி. இடிச்சிடுச்சு."

பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தார்கள். அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துப் போய்ப் பார்த்தார்கள். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்கள். எங்கே போனாலும் தளம் அதே எட்டடியில்தான் இருந்தது. கடைசியில் வியர்க்க விறுவிறுக்க அலமாரியைப் பழையபடி மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். ஓட்டுநரின் மச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் சந்துக்கு ஓடிவிட்டான்.

மேஸ்திரிக்கு நம்ப முடியவில்லை. தளத்தை அளந்தார், தொண்ணூற்றாறு அங்குலம். அலமாரியை அளந்தார், தொண்ணூற்று மூன்று. திரும்பத் திரும்ப அளந்தார். "சின்னதுதானே! பெரிசுக்குள்ள சின்னது எப்படிப் போகாம இருக்கும்?" என்று கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

மனைவி வந்து அவர் காதிலிருந்த பென்சிலை உருவினாள். இத்தனை வருஷமாக அவள் காத்திருந்த தருணம் இது. பக்கப் பலகையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரு கோடு இழுத்தாள்.

"இங்க பாருங்க. நெட்டுக்கு ஒரு பக்கம், ஆழத்துக்கு ஒரு பக்கம், நடுவுல இந்தக் குறுக்குக் கோடு. செங்கோண முக்கோணம். அலமாரி எழுந்திருக்கும்போது கீழ் மூலை தரையில ஊணிக்கிட்டு நிக்குது, எதிர் மூலை சுத்திக்கிட்டு மேல போகுது. ஒரு கட்டத்துல இந்தக் குறுக்குக் கோடு அப்படியே செங்குத்தா நிக்கும். தளத்துக்குக் கீழே அடங்க வேண்டியது இதுதான், உங்க ஏழு அடி ஒன்பது அங்குலம் இல்ல."

"அது எவ்வளவு?" என்றார் பாலிஷ்காரர்.

"தொண்ணூத்திமூணை அதாலயே பெருக்கணும், இருபத்தாறை அதாலயே பெருக்கணும், ரெண்டையும் கூட்டணும்." பலகையிலேயே கணக்குப் போட்டாள். எட்டாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது. அறுநூற்று எழுபத்தாறு. கூட்டினால் ஒன்பதாயிரத்து முந்நூற்று இருபத்தைந்து. "தளம் தொண்ணூத்தாறு. அதை அதாலயே பெருக்கினா ஒன்பதாயிரத்து இருநூத்திப் பதினாறுதான் வருது. குறுக்கு அளவுதான் பெருசு. தொண்ணூத்தாறரைக்கு மேல போகுது. சட்டம் கூட்டின அன்னிக்கே அண்ணி நாடாவை வெச்சுப் பார்த்தாங்களே, அதே அளவு."

பாலிஷ்காரருக்குச் சுவாரசியம் பிடித்துக்கொண்டது. "சரிம்மா, அப்போ எவ்வளவு உயரம் இருந்திருந்தா எழும்பியிருக்கும்?"

"அதுக்கு இதைத் திருப்பிப் போடணும். இப்போ குறுக்குதான் தொண்ணூத்தாறு. ஆழம் தெரியும், உயரம்தான் தெரியாது. ஒன்பதாயிரத்து இருநூத்திப் பதினாறுலேருந்து ஆழத்தோட அறுநூத்தி எழுபத்தாறைக் கழிச்சா எட்டாயிரத்து ஐந்நூத்தி நாப்பது. தொண்ணூத்திரெண்டை அதாலயே பெருக்கினா எட்டாயிரத்து நானூத்தி அறுபத்திநாலு, அடங்குது. தொண்ணூத்திமூணு அடங்கல." பென்சிலைத் திரும்ப அவர் காதில் சொருகினாள். "ஒரு அங்குலம் அறுத்துட்டா எழுந்து நிக்கும்."

மேஸ்திரி அந்தக் குறுக்குக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆயுள் முழுக்க மூலைக்கு மூலை அளந்தவர் அவர். இரண்டும் சமமா என்று பார்த்ததோடு சரி. அது எவ்வளவு நீளம், எதைவிட நீளம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பலகையிலும் அளந்திருந்தார். தொண்ணூற்றாறரை என்று டேப் அவர் கண்ணுக்கு நேராகச் சொல்லியிருக்கிறது. இரண்டு தடவை சொல்லியிருக்கிறது.

'நான் அப்பவே சொன்னேனே' என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்குக் கோபப்படவாவது வழி கிடைத்திருக்கும். அவள் ஒரு ஈரத்துணியை எடுத்து வந்து தம்பியின் தலையிலிருந்த சுண்ணாம்பைத் துடைத்துவிட்டாள்.

ஒரு அங்குலம் அறுக்க மேஸ்திரி ஒப்புக்கொள்ளவில்லை. ஒற்றைக்காலில் நின்றார். "நான் செஞ்ச பொருள்ல நானே ரம்பம் வைக்க மாட்டேன்." தரையை ஓரிடத்தில் தோண்டிவிடலாம் என்றார். தளத்தைக் கொஞ்சம் கொத்திவிடலாம் என்றார். "பேசாம வீட்டைத் தூக்கிடுங்க, அதான் சுலபம்" என்றாள் மனைவி.

ஆக, அலமாரி படுத்தே கிடந்தது. அறையில் முக்கால்வாசியை அது அடைத்துக்கொண்டது. அக்கா அதைச் சுற்றிக்கொண்டுதான் ஜன்னலுக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு பெட்டிகளும் சுவரோரம் கட்டியபடியே இருந்தன. பட்டறையில் பாலிஷ்காரர் வாயைத் திறக்கும்போதெல்லாம் 'குறுக்கு' என்கிற சொல் எப்படியோ வந்து விழுந்தது. மேஸ்திரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அலமாரி போனால் போகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் அவர் பின் அறைக்கு வந்து, படுத்திருந்த அலமாரியின் ஓரத்திலேயே உட்கார்ந்தார். அக்கா நாற்காலியில் இருந்தாள்.

"போறதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"ஆமாம் தம்பி."

"நான் என்ன குறை வெச்சேன்? சொல்லு. சாப்பாட்டுல குறையா? உன்னை ஒரு வேலை செய்ய விட்டேனா?"

அக்கா சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "குறை ஒண்ணும் இல்லடா. நீ என்னை உக்கார வெச்சிருக்கே. நல்லாத்தான் வெச்சிருக்கே. எனக்குத்தான் இடுப்பு வலிக்குது."

"வலிக்குதா? அந்த நாற்காலியை வேணா..."

"நாற்காலி இல்ல." அவள் கைப்பிடியைத் தடவிக்கொடுத்தாள். "அத்தனை வருஷம் நின்னேன். ஒருநாள்கூட வலிச்சதில்ல. இப்போ உக்காந்தாதான் வலிக்குது. எழுந்திருக்கலாம்னு பார்த்தா, நான் பாதி எழுந்ததுமே உன் குரல் வந்துடுது."

மேஸ்திரிக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எழுந்து போய்விட்டார்.

அன்றிரவு அவருக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. சின்னப் பையனாக அக்காவுடன் அந்த ஊரில் இருந்தபோது, பள்ளிவிட்டு வரும் வழியில் கம்பெனிக்கு அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோவார். பெரிய கூடம், அதன் நடுவில் தெருநீளத்துக்கு ஒரு மேஜை. மேஜைமேல் துணி அடுக்கடுக்காக, தலையணை கனத்துக்கு. அதன் எதிரே அக்கா நின்று வெட்டிக்கொண்டிருப்பாள். தோள் இரண்டும் விரிந்து, முதுகு நேராக, கத்தரி போகிற பக்கம் மட்டும் கண். அங்கே இருந்தவர்களிலேயே அவள்தான் உயரம் என்று அந்தப் பையனுக்குத் தோன்றும். அவளைத்தான் இங்கே கொண்டுவந்து நாற்காலியில் வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது மேஸ்திரிக்கு வெட்கமாக இருந்தது. அவள் குள்ளமாகவில்லை. அவர்தான் அவளை நிற்கவிடவில்லை.

ஆனாலும் பாருங்கள், மனிதருக்குப் புத்தி நேராக வருவதில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வரும். சனிக்கிழமை காலை பட்டறையில் அவர் எடுத்த முடிவு, பிடிவாதத்தை விட்டுவிட்டு அலமாரியில் ஓர் அங்குலத்தை அறுத்துவிடுவது. போகிறவள் போகட்டும், அவளுக்கென்று செய்தது ஒருமுறையாவது நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டுப் போகட்டும். நல்ல ரம்பமாகப் பார்த்து எடுத்தார். பாலிஷ்காரரையும் மற்ற இருவரையும் மத்தியானம் வரச் சொன்னார். சந்து வழியாகவே அக்காவின் அறைக்கு வந்தார்.

கதவு திறந்திருந்தது. வாசலிலேயே அவர் நின்றுவிட்டார்.

படுத்திருந்த அலமாரியின்மேல் ஒரு நீலத்துணி முழு நீளத்துக்கும் விரித்துக் கிடந்தது. ஏழு அடி ஒன்பது அங்குலமும் அதற்குத் தேவைப்பட்டது. நாலடி அகலத்தில் துணியின் இரண்டு கரையும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. அக்கா சாக்குக்கட்டியால் கோடு இழுத்துவிட்டு, பெரிய கத்தரிக்கோலை ஓட்டிக்கொண்டிருந்தாள். கத்தரி நிற்காமல், தயங்காமல், கரகரவென்று ஒரே ஓட்டமாகப் போயிற்று. நாற்காலி மூலையில் தள்ளிக் கிடந்தது. அதன்மேல் பாலிஷ்காரரின் மனைவி கொண்டுவந்து கொடுத்த இன்னும் இரண்டு துணிகள் இருந்தன.

அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஆனால் இருபத்தாறு அங்குலம் ஒரு மேஜைக்குத் தணிவு. இடுப்பிலிருந்து நன்றாகக் குனிந்துதான் வெட்ட வேண்டியிருந்தது.

அவரைப் பார்த்ததும் அவள் திடுக்கிட்டாள். தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி கத்தரியைக் கீழே வைத்தாள். "பாலிஷ்காரர் வீட்டம்மா திரைச்சீலைக்குக் கேட்டாங்க. சும்மாதானே கிடக்குன்னு... பலகையில கீறல் விழாமதான் வெட்டினேன். நீ அறுக்கத்தான் வந்தியா? இதோ எடுத்துடறேன்." பழக்கதோஷத்தில் நாற்காலியின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"குனிஞ்சு வெட்டினா இடுப்பு வலிக்கலையா?" என்றார் மேஸ்திரி.

"வலிக்குதுதான். ஆனா இது வேற வலி."

மேஸ்திரி ரம்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். அலமாரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். கைப்பிடி இல்லாத கதவுகள், சமதளமாக, வழவழவென்று. மேலே ஒரே பலகையாக ஒன்றை ஒட்டிவிட்டால் நடுவிலிருக்கும் இடுக்கில் துணி மாட்டாது. பக்கப் பலகையைத் திறக்கும்படி செய்துவிட்டால் உள்ளே துணிகளை அடுக்கலாம். கீழே நாலு கால், இல்லை, கனம் தாங்க ஆறு கால். கால்களுக்கு நடுவில் காலிப் பெட்டிகள் இரண்டு தாராளமாகப் போகும். இது இனிமேல் எழுந்திருக்கவே வேண்டாம். எழுந்திருக்க வேண்டியது இது இல்லை.

கால் எவ்வளவு உயரம் வைப்பது என்று அவர் கண்ணளவில் யோசித்தார். யோசித்துவிட்டு, அந்த யோசனையைப் பாதியில் நிறுத்தினார். இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தார். இந்த வீட்டில் சுவரை அளந்திருக்கிறார், தளத்தை அளந்திருக்கிறார், கதவையும் ஜன்னலையும் அளந்திருக்கிறார். அக்காவை அளந்ததில்லை.

அதற்குள் அக்கா நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்துவிட்டு, உட்காரப் போனாள்.

"உக்காராதே அக்கா" என்றார் மேஸ்திரி. தரையில் மண்டியிட்டு டேப்பின் நுனியை அவள் பாதத்தருகே ஊன்றினார். "நில்லு. நல்லா நேரா நில்லு. நீ வெட்டறப்போ கை எங்க வரும்னு காட்டு. நீ சொல்ற அளவுதான்."